பூக்கேட்ட நாள்

“புத்திசாலிங்க சாமி கும்பிட மாட்டாங்களாம்மா?” என்று இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டு ஒரு வாரமாகிறது. பள்ளி வேனில் யாரோ சொன்னார்களாம். “அப்ப நீ?” என்பது அடுத்த கேள்வி. எதையோ சொல்லி மழுப்பிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் வயதில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. எங்கள் வீட்டுப் புத்திசாலி அப்பாதான். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தினார்; கோயிலுக்கு வந்தால் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பார். விரதம் தவறாத அம்மாவைக் கேலி செய்வார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்த வருடம் அப்பாவின் தங்கையான அத்தைக்கு, சரவணம்பட்டிப் பக்கம் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு வரனும் வந்தது. அத்தை படிக்கத்தான் போவேன் என்று சாப்பிடாமல் கிடந்தாள். வீட்டுக்கு மூத்தவரான பெரியப்பாவோ கல்யாணம்தான் என்று நின்றார்; இறங்கி வரவில்லை.

“அம்மன்கிட்டப் பூக்கேட்டுப் போடலாம். வெள்ளை வந்தாப் படிக்கட்டும், செவப்பு வந்தாக் கண்ணாலம்” என்றார்.

“ஏனுங்ண்ணா, புள்ளையோட படிப்பைப் பூவா தலையா போட்டுப் பாக்கறதுங்களா?” என்றார் அப்பா. எடுபடவில்லை.

வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டும் பொறுப்பைப் பெரியப்பா அம்மாவிடம் கொடுத்தார். வீட்டிலேயே பக்தி அதிகம் அவளுக்குத்தானே. அம்மன் காலடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுக்கக் குழந்தைக் கை வேண்டும்; என்னை விட்டார்கள். நான் எடுத்ததில் வெள்ளை. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். அம்மா கண்ணீரோடு விழுந்து கும்பிட்டாள். பெரியப்பா, “அம்மனே சொல்லிப்போட்டா, அப்புறமென்ன” என்று முடித்துவிட்டார்.

எனக்கு மற்றதையும் பார்க்காமல் இருப்புக்கொள்ளவில்லை. தூணுக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். அதிலும் வெள்ளை. அப்பாவிடம் ஓடினேன்.

“அப்பா, சாமி செவப்பை வெள்ளையா மாத்திப்போட்டுச்சு!”

அப்பா பூவைப் பார்த்தார். உள்ளே இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். பூவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “ஆமா கண்ணு, மாத்திப்போட்டுச்சு. பெரியப்பாகிட்டச் சொல்லிப்போடாதே” என்றார்.

அம்மா திருநீற்றோடு வெளியே வந்தாள். எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அப்பா, அன்று அவள் முன்னால் நெற்றியைக் குனிந்து காட்டினார். அம்மா திகைத்துப்போய்ப் பூசிவிட்டாள். சாமி அப்பாவையும் மாற்றிவிட்டது என்றே நினைத்தேன். அவர் குனிந்தது யாருக்கு என்று அப்போது தெரியவில்லை.

பெரியவளானபின் அம்மாவிடம் கேட்டேன். “ரெண்டுலயும் வெள்ளையே வெக்கோணும்னு எனக்குத் தோண வெச்சதே அம்மன்தானே, அம்மணி” என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

இதை மகளிடம் சொன்னால் பாட்டி ஏமாற்றியதை மட்டும் பிடித்துக்கொள்வாளோ? நீங்கள் என் இடத்தில் இருந்தால் அவளுக்கு என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் எழுதுங்களேன்.