வீரபாகு ஓட்டிய ரயில்

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவருக்கு சிவப்பு எது, பச்சை எது என்று தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? என் பக்கத்து வீட்டு வீரபாகுவுக்குத் தெரியாது. ரயில் ஓட்டும் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, கண் சோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவர். சிக்னல் தெரியாதவரிடம் ரயிலைக் கொடுக்க முடியாதுதான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கே அது இன்னும் ஆறவில்லை. அவருக்கு எப்படி ஆறும்?

தறியில் கை அவருடையது, கண் அவர் மனைவி கலாவதியுடையது. எந்த நூல் எங்கே என்று கலாவதிதான் எடுத்துத் தருவார்.

போன வருடம் வீரபாகு ஒரு பொம்மை ரயில் வாங்கினார். கூடம் முழுக்கத் தண்டவாளம். தெருவே சிரித்தது, நானும்தான். ஆனால் அவருக்கு வேண்டியது வேறு. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் பாதை எப்படி வரும் என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். அதற்காக இன்ஜினில் குட்டி கேமரா வைத்து, படத்தைக் காற்றிலேயே டி.வி.க்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைத் தானே செய்ய உட்கார்ந்தார்.

அங்கேயும் நிறம் வந்து மறித்தது. அதில் மின்சாரத்தை மட்டுப்படுத்த வைக்கிற ரெசிஸ்டர் அரிசி அளவுதான் இருக்கும். அதன் மதிப்பை நிறக் கோடுகளாகத்தான் போட்டிருப்பார்கள்.

"கலா, இந்தக் கோடு இன்னா கலரு?"

"அரக்கு."

அரக்கு சிவப்பு வகையறாதானே என்று, சிவப்புக் கோடு உள்ளது இருக்கவேண்டிய இடத்தில் அதை வைத்து ஈயம் பற்றவைத்தார். டி.வி.யில் வெறும் புள்ளிகள். ஒரு வாரம் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மீட்டர் இரவல் வாங்கி ரெசிஸ்டரை அளந்தால், மதிப்பு வேறு. அந்தக் கோடு சிவப்பே இல்லை, பிரவுன்.

"அரக்குன்னு சொன்னியேமா!"

"பட்டுல அதுக்கு அரக்குன்னுதான் பேரு. ஒங்க பிரவுன நான் எங்க கண்டேன்?"

மாற்றி வைத்ததும் படம் வந்துவிட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். திரையில் தண்டவாளம் எங்களை நோக்கி ஓடி வந்தது. தறிக்கால் கோயில் தூண் மாதிரி கடந்து போனது. கதவோரம் தானாக நிறம் மாறும் ஒரு சிக்னல் விளக்கை நட்டிருந்தார். அதன் முன்னால் வந்ததும் ரயிலை நிறுத்திவிட்டார்.

"ஏங்க, ஏன் நின்னுடுச்சு?" என்றார் கலாவதி.

"இன்ஜின்ல ரெண்டு பேர் இருப்பாங்க. பக்கத்துல இருக்கிறவர் சிக்னல் கலரச் சத்தமா சொல்லணும், டிரைவர் திருப்பிச் சொல்லணும். நீ சொல்லு."

"சிவப்பு. இருங்க." கலாவதி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்ப பச்சை. போங்க."

"பச்சை," என்றார் வீரபாகு. ரயில் நகர்ந்தது.

"கண்ணு டெஸ்ட்டு வச்ச அன்னிக்கி நான் பக்கத்துல இல்லாம பூட்டேன்," என்றார் கலாவதி. கோபமாகத்தான் சொன்னார்.