அக்கா பூட்டிய வேட்டைத் துவக்கு

வெங்காயம் வதங்கும் வாசத்துக்கு நடுவே ஆளிவிதை எண்ணெய் வாசம்...

2010. பிரான்சில், மார்க்ஸ் டோர்மோய் பக்கம் நான் வேலை செய்த பிரெஞ்சு ரெஸ்டோரண்ட். பத்ரோன், அதாவது முதலாளி, தன் வேட்டைத் துவக்கைக் கொண்டுவந்து மரக்கறி வெட்டும் மேசையில் கிடத்தினார். மரப்பிடி வெடித்துவிட்டதாம். எண்ணெய் பூசிய புதுப் பிடி ஒன்று வாங்கி வந்திருந்தார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஊரில் துவக்கைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போன ஆள் நான். இந்த மனுசனோ, பூசணிக்காய் வெட்டக் கூப்பிடுவதுபோல, ஸ்குரூ கழற்ற வேண்டும், குழலைப் பிடி என்கிறார்! பிடித்தேன். அதன் வாய் என் வயிற்றுக்கு நேரே.

"தம்பி, விலகு! முன்னாலை நில்லாதை!"

அங்கே கோப்பை கழுவும் வேலைக்கு வந்திருந்த அக்கா. வன்னியிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான். உரத்து ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. ஈரக் கையோடு வந்து துவக்கின் போல்டைத் தூக்கி இழுத்தார். நீளமான ரவை ஒன்று துள்ளி விழுந்து உருண்டது.

ஐயோ கடவுளே! பத்ரோனின் முகம் வெளிறிவிட்டது.

அக்காவின் கை அதோடு நிற்கவில்லை. ஸ்குரூக்களைக் கழற்றி, இரும்பைப் புதுப் பிடியில் இருத்தி, முன்னும் பின்னும் மாறி மாறி இறுக்கினார். குழலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தாளை விட்டு, முட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். தடைப்படாமல் வந்தது. பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

அந்த வருசங்களில், எங்கட சனம் கூடும் லா சப்பலில் ஒரு மரியாதை இருந்தது... புதிதாக வந்தவரிடம் ஊரைக் கேட்போம், சொந்தத்தைக் கேட்போம். அங்கே என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டோம். பத்ரோனுக்கு அது எங்கே தெரியும்? இவர் ஊரில் என்ன வேலை செய்தவர் என்று என்னைக் கேட்டார்.

அக்காவுக்கு அடுத்த கிழமை அகதி விசாரணை. துவக்குத் தூக்கியவர் என்று ஒரு பேச்சு வெளியே போனால் எல்லாம் முடிந்தது.

அவருடைய அப்பா காட்டில் பன்றி சுடுகிறவர் என்று பிரெஞ்சில் அடித்துவிட்டேன். பத்ரோனும் பன்றி வேட்டைக்காரர். சந்தோசமாகத் தலையாட்டினார்.

அக்கா என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, நீ ஒண்டும் காணேல்லை, என்ன?"

"ஓம் அக்கா."

இப்போது அக்காவுக்கு விசா இருக்கிறது, சார்செலில் வீடு, இங்கே பிறந்த ஒரு மகள். போன மாதம் பிள்ளையின் பிறந்தநாள். பலூன் ஒன்று வெடித்ததும் அக்கா குசினிக்குள் ஓடிவிட்டார். அம்மாவுக்கு எதைக் கண்டாலும் பயம், அந்த நாளிலும் இப்படியா மாமா என்று மகள் பிரெஞ்சில் கேட்டுச் சிரித்தாள்.

"ஓம் பிள்ளை, அவ அப்பவும் சரியான பயந்தாங்கொள்ளி."

குசினி வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்துவிட்டு, கேக் வெட்ட வந்தார்.

பத்ரோனிடம் சொன்ன பொய் அன்றோடு முடிந்தது. பிள்ளையிடம் சொன்ன இந்தப் பொய்யை இன்னும் எத்தனை பிறந்தநாளுக்குச் சொல்ல வேண்டுமோ...