லூர்து சிஸ்டர் அவிழ்த்த கயிறு

வியாழக்கிழமை காலைப் பேருந்திலிருந்து இறங்கிவந்த நடத்துநர், "ஏனுங்க, நம்ம லூர்து சிஸ்டர் தவறிட்டாங்க. நடுவட்டத்துல, தங்கச்சி ஊட்ல," என்றார். நான் எஸ்டேட் மருந்தகத்தில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்கள் நின்றார்கள். எல்லோருக்கும் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சேரம்பாடியில் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அவரை அறியாதவர் இல்லை. குடியுரிமை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் வந்து இறங்கிக்கொண்டேயிருக்கும் இந்த வருடங்களில், மனவளர்ச்சி குன்றியவர்கள் இருக்கும் வீடுகளைத் தேடிப் போன நர்ஸ் அவர். கால் வீங்கியிருக்கும், அப்படியும் போவார்.

பார்வதியை உங்களில் சிலருக்குத் தெரியும். இருபத்தாறு வயது, நாலைந்து சொற்கள்தான் பேசுவாள். கப்பலேறி வந்த பிறகு சாப்பிட மறுத்தாள், தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். பெற்றோர் கொழுந்து பறிக்கப் போகும்போது அவளைத் தூணில் கட்டிவிட்டுப் போனார்கள். மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். அதற்கான கடிதத்தை எழுதியவன் நான்.

"ஒரு வாரம் அனுப்பாம வைங்க தம்பி," என்றார் சிஸ்டர்.

மூன்று நாள் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பார்வதி ஓயாமல் சொன்னது ஒரே சொல்: "அக்கா." அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்த அக்கா, இலங்கைக் குடியுரிமை கிடைத்ததால் அங்கேயே தங்கிவிட்டாள்.

"அக்கா வராதுன்னு புள்ளைகிட்டச் சொன்னீங்களா?"

"அதுக்கு என்னா வெளங்கும் சிஸ்டர்?" என்றாள் தாய்.

"காத்துக்கிட்டிருக்கத் தெரியுதில்ல? அப்ப இதையும் சொல்லணும்."

கயிற்றை அவிழ்த்து, பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே சொன்னார். அவள் இரண்டு நாள் அழுதாள். பிறகு கஞ்சி குடித்தாள். சில வாரங்களில் தாயோடு தேயிலைக் காட்டுக்குப் போனாள். இன்றும் சில நாட்கள் தலையை மோதிக்கொள்வாள். ஆனால் யாரும் கட்டுவதில்லை. கடிதத்தை நான் கிழித்துவிட்டேன்.

எல்லோரையும் இப்படிக் காப்பாற்றினோம் என்று எழுத முடியாது. பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தியை நாங்கள் போவதற்குள் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பும் வழியில் சிஸ்டர், "அலுத்துப்போச்சு தம்பி," என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நாளைக்கு எந்த லயம்?" என்று கேட்டார்.

அடக்கம் முடிந்து வந்தபோது, பார்வதியிடம் சொல்ல வேண்டாம் என்றாள் தாய். எனக்கும் தெம்பில்லை. ஆனாலும் அவளருகே உட்கார்ந்து, "சிஸ்டர் செத்துப்போயிட்டாங்க. இனி வரமாட்டாங்க," என்றேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு அழுதாள். அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தேன். ஒருவருக்கு விளங்காது என்று நானாக முடிவுகட்டிவிட்டு எழுந்து போகாமல் இருப்பது. சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.