ஆறு மெஷினுக்கு ஒரு பெயர்

சினேகா நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்காருவாள். மறுநொடியே எழுந்து ஜன்னலுக்குப் போய், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகர்கின்றனவா என்று எட்டிப் பார்ப்பாள். எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண். டீ கொண்டுபோய் வைத்தால் ஆறவிட்டுத்தான் குடிப்பாள். நானும் விடாமல் சுடச்சுடத்தான் வைக்கிறேன்.

கன்டெய்னர் யார்டில் லாரிக்கு கேட் பாஸ் போடுகிற ஜாவா புரோகிராம் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுவதில்லையாம். ஆறு மெஷின்களில் பிரிந்து ஓடுகிறதாம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஏஜென்ட்டை உட்கார வைப்பது, மாடியிலிருந்தே இவள் பார்க்கும் வேலை. ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை. எது திணறுகிறது என்று உள்ளேயிருந்து கோடு போட்டுக் காட்டும் சின்ன புரோகிராம். பெற்ற பிள்ளையைப் போல "என் ஏஜென்ட்டு" என்பாள்.

நேற்று மத்தியானம் பாஸ் நின்று நின்று வந்தது. கீழ்வீட்டு லாரி டிரைவர் பிலால் வரிசையில் மாட்டிக்கொண்டு போன் போட்டான். "இன்னாம்மா, உன் ஏஜென்ட்டு குறட்டை வுட்டுகினு கீறானா?"

"பேஜார் பண்ணாத பாய், பாத்துகினுதான் கீறேன்!"

அடுத்த போன் மேலதிகாரி தாமோதரன். ஏஜென்ட்தான் மெஷினுக்குப் பாரம், எல்லாவற்றையும் பிடுங்கு என்றார். பிடுங்கினால் இவளுடைய ஒப்பந்த வேலையும் அதோடு போகும். "கண்ணப் புடுங்கிட்டா எங்க கோளாறுன்னு எப்படி சார் தெரியும்? கொஞ்சம் டைம் குடுங்க" என்று கெஞ்சினாள்.

திரையில் ஒரே கோடு, சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதையே முறைத்தவள் தலையில் அடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஐய! ஆறு கோடு ஓடணும் ஆயா, ஒண்ணுதான் கீது!" ஒரு மெஷினின் ஏஜென்ட்டுக்கு எழுதியதை அப்படியே மற்ற ஐந்துக்கும் போட்டிருக்கிறாள், மெஷின் பெயரை மாற்றவில்லை. ஆறும் ஒரே மெஷினாகக் கணக்காகி, திணறுகிற ஒன்று மற்றவற்றின் நடுவே மறைந்துகொண்டது.

தனித்தனிப் பெயர் கொடுத்தாள். புதுப் பெயர் ஏற, புரோகிராமை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டுமாம். மொத்தமாக நிறுத்தினால் கேட்டே மூடிவிடும் என்று, ஒன்றை நிறுத்தி, அது எழுந்த பிறகு அடுத்தது. இடையிடையே ஜன்னல். கடைசி மெஷின் எழுந்ததும் ஐந்து கோடுகள் தரையோடு ஓட, ஒன்று மட்டும் செங்குத்தாக ஏறியது. அந்த மெஷினை விலக்கி, அதன் வேலையை மற்ற ஐந்துக்கும் பிரித்துவிட்டாள். சாலையில் ஹாரன் சத்தமும் டீசல் புகையும் நகர ஆரம்பித்தன.

தாமோதரன் கூப்பிட்டுப் பாராட்டினார். "சூப்பர்மா. முதல்லயே ஏன் தெரியல? ஏஜென்ட் வித்தவன் தப்பா?"

ஆமாம் சார் என்றால் முடிந்தது. நான்கூடக் கண்ஜாடை காட்டினேன்.

"இல்ல சார், ஆறுக்கும் ஒரே பேரு வெச்சது நாந்தான்" என்றாள். வரப்போகும் ஏச்சுக்கு முன்னாலேயே போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.