இரண்டு நாட்டுக்கு ஒரு துணி

மாமல்லபுரம் நைனா முகம்மது சாமியானா, நாற்காலி, அண்டா முதலியவற்றை வாடகைக்கு விடுபவர். கூடவே நாடுகளையும் விடுகிறார். கடற்கரை விடுதியில் வெளிநாட்டார் தங்கியிருக்கையில் அவர்கள் ஊர்ச் சுதந்திர தினம் வந்தால் கொடி, கம்பம், ஒலிபெருக்கியில் தேசிய கீதம், ஆளுக்கு ஒரு லட்டு, எல்லாம் அவர் பொறுப்பு. தேதிக்கு மட்டும் என்னிடம் வருவார். நானும் சரிபார்த்துச் சொல்வேன்.

ஒரு முறை இங்கிலாந்துக்காரர் ஒருவர், எங்கள் சுதந்திர தினத்துக்கு ஒன்றும் கிடையாதா என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். அதற்கு நைனா முகம்மது என்னிடம் வரவில்லை.

"உங்களுக்கு ஏது சார்? ஊர் ஊருக்கு அத சப்ளை பண்ணதே நீங்கதான்" என்று அங்கேயே முடித்துவிட்டார்.

இந்தியக் கொடியை அவர் வாடகைக்கு விடுவதில்லை. அது பீரோவில் தனியாக இருக்கிறது. மற்ற உலகமெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கம். அதற்குக் காரணம் அவருடைய சிக்கனம். அயர்லாந்தைத் திருப்பிக் கட்டினால் ஐவரி கோஸ்ட். பிரான்ஸை உரிய பக்கம் படுக்கப்போட்டால், நிறம் சற்று முன்பின் இருந்தாலும், நெதர்லாந்து. மேலே வெள்ளை கீழே சிவப்பு என்றால் போலந்து. அதையே தலைகீழாக்கினால் இந்தோனேசியா. இதற்காகத் துணியின் மேலும் கீழும் கயிறு கோக்க ஒரே மாதிரி காது தைத்து, போலந்துக்கு மேலாக வரவேண்டிய காதில் ஒரு நீல நூலை முடிந்து வைத்திருந்தார். ஐவரி கோஸ்ட்டிலிருந்து இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் தயார்.

அவர் மனைவி லத்தீஃபாவுக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. பெட்டி கட்டிலடியை அடைத்துக்கொண்டிருந்தது. விடுதி நடத்தும் பூபாலன், ஒரு வருடத்துக்கான கொடி விழாக்களை மொத்தமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் முதலில் போலந்து யோகா குழுவுக்கு ஒரு விழா நடத்திக் காட்ட வேண்டும்.

"அவரு குடுக்கலன்னா, அத்தினி நாட்டையும் தலகாணி உறையா தெச்சிடுவேன், ஆமா" என்றார் லத்தீஃபா. தையல் மிஷின் அவருடையது. ஆகவே இது வெறும் மிரட்டல் அல்ல.

2024 நவம்பர் 11, திங்கட்கிழமை, போலந்தின் சுதந்திர தினம். இரவெல்லாம் பெய்த மழை காலையில் விட்டிருந்தது. தேதி சொன்ன பாத்தியதையில் நானும் போயிருந்தேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் செய்வதுபோல, கொடியைப் பூவிதழோடு மடித்துச் சுருக்குப் போட்டுக் கம்பத்தின் உச்சியில் ஏற்றியிருந்தார். குழுத் தலைவி பார்பரா கயிற்றை இழுத்தார். சாமந்தி கொட்டியது. போலந்தின் கீதம் முழங்கியது. மேலே இந்தோனேசியா விரிந்தது.

முன்தினம் கொடிக்கு இஸ்திரி போட்ட லத்தீஃபா, நூல் கருகிவிடும் என்று முடிச்சை அவிழ்த்து, பிறகு பொறுப்பாகத் திரும்ப முடிந்திருக்கிறார். மறு காதில்.

பார்பரா அண்ணாந்து பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். யாரும் பாடவில்லை.

"இன்னா பாய், அவங்க மூஞ்சி சரியில்லியே?" என்றார் பூபாலன்.

"அழுவறாங்கபோல. ஊரு ஞாபகம்."

"அழுவல. இது இந்தோனேசியாவாங்கறாங்க."

நைனா முகம்மது மேலே பார்த்தார், நூலைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். பிறகு ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார். மழையில் ஊறிப் பருத்த கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டது. கொடி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"எறக்கு பாய்."

"எறங்க மாட்டேங்குது."

"அப்ப கம்பத்தையே புடுங்கு."

"நீதான மொதலாளி நேத்து சிமிட்டி போட்டு நட்ட?"

பூபாலன் வாய்க்குள் என்னவோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

அந்த நேரத்தில் பார்பரா தம் ஆட்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, யோகா பாயை விரித்து, தலையை ஊன்றிக் கால்களை மேலே தூக்கினார். சிரசாசனம். அடுத்தடுத்து குழு முழுவதும் தலைகீழாக நின்றது. தலைகீழாக நிற்பவருக்கு வெள்ளை மேலே, சிவப்பு கீழே. கீதத்தை மறுபடி போடச் சொல்லி, அப்படியே நின்று பாடினார்கள். முகம் சிவந்துவிட்டதே தவிர சுருதி ஓரளவு சேர்ந்திருந்தது. மரியாதைக்குக் குறைவு வரக்கூடாதென்று நைனா முகம்மதுவும் இடுப்பை வளைத்து, தன் கால்களுக்கு நடுவே கொடியைப் பார்த்தார். நான் நேராகத்தான் நின்றேன். எனக்கு முதுகு வலி.

லட்டு தின்றபிறகு பார்பரா பூபாலனைத் தனியே அழைத்துப் பேசினார். பூபாலன் திரும்பி வந்தார்.

"வருசம் பூரா நீயே போடு பாய். இவங்க அடுத்த தபா ரெண்டு பங்கு ஆளோட வராங்களாம். ஆனா ஒரு கண்டிசன்."

"சரியா ஏத்தறேன் மொதலாளி. இனிமே நூலே கட்டமாட்டேன்."

"அதான் வேணாங்கறாங்க. இதே மாதிரி தலகீழாத்தான் ஏத்தணுமாம்."

கயிறு காய்ந்தபிறகு கொடியை இறக்கி வீட்டுக்கு எடுத்துப்போய், நடந்ததையெல்லாம் நைனா முகம்மது மனைவியிடம் சொன்னார். லத்தீஃபா நூல் முடிச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அப்ப நான் கட்னதுதான் சரி" என்றார். "இத அவுக்காத. தலகாணிக்கு வேற துணி வாங்கியா."