டட்சனுக்குப் புளி போட்டவள்

நல்லம்மாளுக்கு எதுவும் பளபளக்க வேண்டும். பகலில் பங்சாரில் ஓர் ஆபீசின் தரையைத் துடைப்பாள். மாலையில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தன் வீட்டைத் துடைப்பாள். வெள்ளிக்கிழமை வந்தால் கோவிலுக்குப் போய் அங்கிருக்கும் பித்தளையை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். அவள் வீட்டுக் குத்துவிளக்கைப் பார்த்துவிட்டுப் போன அண்டை வீட்டுப் பெண்கள் தங்கள் விளக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைப்பார்கள். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த வைராக்கியம் ஒன்றே ஒன்றுதான். யாரும் தன்னைக் குறை சொல்லிவிடக் கூடாது.

எண்பத்திரண்டாம் வருஷம் அவள் கணவர் ரெங்கசாமி ஒரு பழைய டட்சன் கார் வாங்கினார். ரயில்வேயில் ஃபிட்டர் வேலை பார்த்தவருக்கு அதுதான் முதல் காடி. மகள் புஷ்பவல்லிக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண்ணைச் சொந்தக் காடியில் மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கோவில் வாசலில் பூஜை போட்டார்கள். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. குருக்கள் கருநீல பானெட்டின் நடுவே சந்தனத்தைத் தாராளமாக அப்பிக் குங்குமம் வைத்தார். பூஜைச் சந்தனத்தை உடனே அழிக்கக் கூடாது என்று அப்படியே விட்டார்கள். அது வெயிலில் காய்ந்து ஓடாகிவிட்டது.

நல்லம்மாளுக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ரெங்கசாமி ஓவர்டைம் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாகக் காடியை நெருங்கினாள். விளக்குத் தேய்க்கிற அதே மும்முரம். சந்தனம் போயிற்று. அதோடு விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டுமே என்று ஒரு பாட்டம் கூடுதலாகத் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தால், தாம்பாளம் அகலத்துக்கு நீலம் செத்து, வட்ட வட்டமாகக் கீறல்.

மாலையில் வந்து பார்த்த ரெங்கசாமி திட்டவில்லை. சிரிப்பை அடக்கத்தான் கஷ்டப்பட்டார்.

“காடிக்குப் புளி போட்டவ நீ ஒருத்திதான் லா. விடு, அய்யாவு மச்சான்கிட்ட கொடுத்தா முடிஞ்சுது.”

அய்யாவு அவளுடைய அண்ணன். செந்தூலில் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுக் காடிகளுக்குச் சாயம் அடிப்பவர். புஷ்பவல்லிக்கு ஒரே தாய்மாமன். கல்யாணத்தன்று அவளுக்கு மாலை போட்டு, காடியின் முன் சீட்டில் உட்கார்ந்து மண்டபத்துக்கு அழைத்து வரவேண்டியவர் அவர்தான்.

“அண்ணங்கிட்ட வேணாங்க. சொந்தக்காரங்க காடின்னா மூலையில போட்டுருவாரு. நம்ம சின்னையா காடி மாசக்கணக்குல கெடந்துச்சு. சீனவங்க பட்டறையில கொடுப்போம். வேலை சுத்தமா இருக்கும்.”

“மச்சான் கோவிச்சுக்குவாரு.”

“அவருக்கு எதுக்குத் தெரியணும்?”

சின்னையாவின் காடி கிடந்தது உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமில்லை. மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். எங்கே சாயம் அடித்தீர்கள் என்று அவர்கள் கேட்டால், செந்தூல் கொட்டகையில் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. மறுநாளே வேலை முடிந்து வரும் வழியில் ஒரு சீனர் பட்டறைக்குள் நுழைந்து, முதலாளி தவுக்கேயிடம் மலாயில் பேசி நாள் குறித்துவிட்டு வந்தாள். ரெங்கசாமி காடியை அங்கே கொண்டுபோய் விட்டார்.

கல்யாணப் பத்திரிகை முதலில் தாய்மாமனுக்குத்தான் வைக்க வேண்டும். கிளம்புகிற நேரத்தில் ரெங்கசாமிக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. நல்ல நேரம் தவறக் கூடாதென்று நல்லம்மாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு தனியாகவே செந்தூலுக்கு பஸ் ஏறினாள்.

கொட்டகைக்குள் காலை வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். கண்ணாடிகளிலெல்லாம் பழைய தமிழ்ப் பேப்பர் ஒட்டிய ஒரு கருநீல டட்சன் நின்றது. பானெட்டில் அவள் தேய்த்த அதே வட்டத்தை அண்ணன் உப்புத்தாளால் இழைத்துக்கொண்டிருந்தார்.

“வா நல்லம்மா. உங்க காடி நேத்துதான் வந்துச்சு. தவுக்கேக்கு வேலை அதிகம்னா என்கிட்டதான் தள்ளுவாரு. ரொம்ப வருஷமா இப்படித்தான்.”

எந்தப் பட்டறைகளுக்கு அண்ணன் வேலை செய்கிறார் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அய்யாவு நிமிராமலே கேட்டார். “ரெங்கசாமி மாப்ளைக்கு என் கைமேல நம்பிக்கை இல்ல போல, அப்படித்தானே?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பழி வீட்டுக்காரர்மேல் போய்விடும், அண்ணன் தங்கை உறவுக்குக் கேடில்லை. பயத்தில் அதற்குமேல் அவளுக்கு யோசிக்க வரவில்லை. தலையாட்டினாள்.

அய்யாவு உப்புத்தாளைத் தண்ணீரில் அலசினார். “தவுக்கே வேற மாதிரி சொன்னாரு. அந்த வீட்டு அக்காவே வந்து பேசுனாங்கன்னு.”

நல்லம்மாள் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள், வெறும் அழுகைதான் வந்தது. அய்யாவு போய்க் கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு, துடைத்துக்கொண்டு வந்து, முறைப்படி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

“கல்யாணத்துக்கு வரேன். புள்ளைக்கு மாலை போடறேன், மாமன் சீர் எதுலயும் கொறை வைக்க மாட்டேன். ஆனா இந்தக் காடியில மட்டும் ஏற மாட்டேன். இத நீ மாப்ளகிட்ட எப்படிச் சொல்லுவியோ, சொல்லிக்க.”

அவள் கணவரிடம் சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலை அய்யாவு பட்டு வேட்டியில் வந்து, புஷ்பவல்லிக்கு மாலை போட்டு, திருநீறு பூசி, வாசல் வரை கைபிடித்து அழைத்து வந்தார். பிறகு, மண்டபத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி முன்னால் ஒரு டாக்சியில் போய்விட்டார். ரெங்கசாமிக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னா லா மச்சான் இப்படிப் போறாரு? முன் சீட்டு காலியா இருக்கக் கூடாது. நீயாவது ஏறு.”

தாய்மாமன் உட்காரவேண்டிய இடத்தில் நல்லம்மாள் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் பெண்கள் எதற்கோ சிரித்தார்கள். காடி கிளம்பியது. அவள் கண்ணெதிரே பானெட் வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. பழைய சாயம் எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று மண்டபம் வரும்வரை தேடிக்கொண்டே வந்தாள். அண்ணன் வேலையில் ஒரு குறையாவது கிடைத்திருந்தால், அவளுக்குக் கொஞ்சம் மனம் ஆறியிருக்கும்.