விட்டேத்தி

அவனுக்கு அந்தப் பெயரை வைத்தது மனைவிதான். சோம்பேறி வேலை செய்யமாட்டான், கல்லுளிமங்கன் வாயைத் திறக்கமாட்டான். விட்டேத்தி வேலைக்கும் போவான், கேட்டால் பதிலும் சொல்வான். ஆனால் சொந்த வீடே பற்றி எரிந்தாலும் அடுத்த தெருவில் எரிகிற மாதிரி நிற்பான். அவனைத் திட்டுகிறவர்களுக்குத் தொண்டை வற்றுவதுதான் மிச்சம்.

நீச்சல் குளத்தில் அவனுக்குக் காவல் வேலை. உயரமான நாற்காலி, கழுத்தில் விசில். பிள்ளைகள் காது கிழியக் கத்தினாலும் திரும்பமாட்டான். "என்னங்க இந்த ஆளு, கண்டுக்கவே மாட்டேங்கறாரு?" என்று பெற்றோர்கள் மேனேஜரிடம் மூக்கால் அழுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒருமுறை திரும்பியிருக்கிறான். ஆழமில்லாத பக்கத்தில் ஒரு கும்பல் "ஐயோ, காப்பாத்துங்க!" என்று விளையாட்டுக்குக் கூப்பாடு போட்டது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். அந்த நேரத்தில் மறுகோடியில் ஒரு சிறுமி சத்தமே போடாமல் மூழ்கிப்போனாள். மூழ்குகிறவர்களுக்குக் கத்த மூச்சு ஏது? அன்றிலிருந்து சத்தமில்லாத மூலையையே பார்க்கப் பழகினான். வீட்டு வாளித் தண்ணீரிலும் அந்த முகம் தெரியும். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

அவள் பாட்டுக்குக் கத்துவாள். "உங்ககிட்ட பேசறதுக்குச் சுவத்துகிட்ட பேசலாம், எதிரொலியாவது வரும்!" அவன் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். கத்துகிறவரைக்கும் ஆபத்தில்லை என்பது அவன் கணக்கு. அவள் அப்பா இறந்த அன்று அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவள் கத்துவதை விட்டுவிட்டாள். அப்பாடா என்றுதான் அவனுக்கு முதலில் இருந்தது.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வெகு தாமதமாக வந்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. தட்டை வைத்துவிட்டுச் சமையலறை மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். தற்செயலாக நிமிர்ந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

"ஏதாவது சொல்லேன். திட்டேன்."

"எதுக்குங்க?"

"லேட்டா வந்தேன்ல? விட்டேத்தின்னாவது சொல்லு."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். கையைக் கழுவிட்டு வாங்க."

அந்த முகத்தை அவன் தண்ணீருக்கடியில் பார்த்திருக்கிறான். பயத்தில் அவள் கையை இறுகப் பிடித்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு அவன் கையைப் பிடிக்கவும் இல்லை.